மாடி அறையில் இருந்தவள்

நடுநிசி. பழைய காலத்துப் பெரிய மாளிகை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்கிறது. மனிதச் சிரிப்பா, பேய்ச் சிரிப்பா என்று நிச்சயமாய்ச் சொல்ல முடியாத சிரிப்பு. கீழே படுத்திருக்கும் பெண்ணுக்குக் குலை நடுங்குகிறது. படித்துக்கொண்டிருக்கும் நமக்கும்தான்!

நேயர்களில் பலர் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். சார்லட் பிராண்டே 1847-ல் எழுதிய ‘ஜேன் அயர்’ நாவலைத்தான் சொல்கிறேன். தாய் தகப்பன் இல்லாத ஏழைப் பெண் ஜேன், தார்ன்பீல்டு மாளிகையில் ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வருகிறாள். வீட்டு எஜமானர் ரோச்செஸ்டருக்கும் அவளுக்கும் காதல் அரும்புகிறது. சர்ச்சில் கல்யாணம் நடக்கப் போகும் தருணத்தில் ஒருவர் எழுந்து, “இவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள்; உயிரோடு இருக்கிறாள்” என்று சொல்கிறார். அந்த மனைவிதான் மூன்றாம் மாடியில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் பைத்தியம், பெர்த்தா. மேற்கிந்தியத் தீவான ஜமெய்க்காவில் பிறந்தவள். கடைசியில் மாளிகைக்குத் தீ வைத்துவிட்டு, கூரையிலிருந்து குதித்து உயிரை விடுகிறாள். ஜேனுக்கு வழி பிறக்கிறது. நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடுகிறோம்.

கல்லூரியில் எங்களுக்கு இது பாடமாக இருந்தது. ஜேனின் குணச்சித்திரத்தைப் பற்றி நான் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். ரோச்செஸ்டர் நல்லவரா கெட்டவரா என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் பாதி ராத்திரி வரை சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் அந்த மாடி அறைக்காரியின் தாயார் யார், அவளை யார் பெண் கேட்டார்கள், கல்யாணத்தன்று அவள் என்ன நினைத்தாள் என்று எங்களில் ஒருத்தியாவது கேட்டதாக ஞாபகம் இல்லை. அவள் கதைக்கு ஒரு இடைஞ்சல். இடைஞ்சல் நீங்கினால் போதும் என்றிருந்தோம்.

கேட்டவள் ஒருத்தி இருந்தாள். அவளும் தீவில் பிறந்தவள்தான்.

ஜீன் ரீஸ் என்று உலகம் அறிந்த அந்த நாவலாசிரியையின் சொந்தப் பெயர் எல்லா க்வென்டொலின் ரீஸ் வில்லியம்ஸ். 1890 ஆகஸ்டு 24-ந் தேதி, டொமினிகா தீவின் ரோஸோ நகரில் பிறந்தாள். தகப்பனார் வேல்ஸ் தேசத்திலிருந்து வந்த டாக்டர். தாயார் மூன்று தலைமுறையாகத் தீவிலேயே வாழ்ந்த வெள்ளைக் குடும்பத்துப் பெண். இப்படித் தீவிலேயே பிறந்த வெள்ளையர்களைக் ‘கிரியோல்’ என்பார்கள். (கிரியோல் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தங்களும் உண்டு, நமக்கு இப்போது இது போதும்.) இங்கிலாந்துக்காரர்கள் அவர்களை முழு வெள்ளையராக மதிப்பதில்லை. தீவின் கறுப்பு மக்களுக்கோ அவர்கள் பழைய எஜமானர்கள். இரண்டு பக்கமும் ஒட்டாத பிறவி.

1907-ல் படிப்பதற்காக இங்கிலாந்து வந்தாள். அவள் பேசும் தீவு ராகத்தைக் கேட்டுப் பள்ளித் தோழிகள் பரிகாசம் செய்தார்கள். நாடகக் கலாசாலையில் சேர்ந்தாள். அங்கும் அந்த உச்சரிப்பே குறுக்கே நின்றது. நாடகக் கம்பெனிகளில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடிப் பாடினாள். பணக்காரர் ஒருவர் காதலித்தார், கைவிட்டார். பிறகு ஒரு டச்சுக்காரரை மணந்து பாரிஸ் போனாள். முதல் குழந்தை சில வாரங்களில் இறந்தது. கணவர் சிறைக்குப் போனார். பாரிஸில் போர்ட் மாடாக்ஸ் போர்ட் என்ற பிரபல எழுத்தாளர் அவளுடைய கதையைத் தம் பத்திரிகையில் போட்டார். ‘ஜீன் ரீஸ்’ என்ற பெயரும் அவர் யோசனையில் வந்ததுதான். அந்த உறவும் கசந்து முடிந்தது. 1928 முதல் 1939 வரை நான்கு நாவல்கள். விமரிசகர்கள் நடையைப் புகழ்ந்தார்கள். கதைகள் சோகமாயிருக்கின்றன என்றார்கள். வாங்கிப் படித்தவர்கள் சொற்பம். அப்புறம் யுத்தம் வந்தது. ஜீன் ரீஸ் காணாமற் போனாள்.

காணாமற் போனாள் என்பது அலங்காரப் பேச்சு அல்ல. அவள் இறந்துவிட்டதாகவே இலக்கிய உலகில் பலர் நம்பினார்கள். 1949-ல் செல்மா வாஸ் டயஸ் என்ற நடிகை அவளுடைய நாவல் ஒன்றை ரேடியோ நாடகமாக்க ஆசைப்பட்டாள். அதற்கு ஆசிரியையின் அநுமதி வேண்டுமே! ‘ஜீன் ரீஸ் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் எழுதவும்’ என்கிற தோரணையில் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். பதில் எழுதியவள் சாக்ஷாத் ஜீன் ரீஸே! லண்டனுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அப்போது அவளுக்கு வயது 59. மூன்றாவது கணவர்; கையில் காசில்லை; குடி; அக்கம் பக்கத்தாரோடு சண்டை; சண்டை முற்றிக் கோர்ட்டு வரை போய், சிறை ஆஸ்பத்திரியிலும் சில நாள் இருந்தவள். அடுத்த வருஷம் கணவரும் மோசடி வழக்கில் சிறை சென்றார்.

இந்தப் பெண்மணியின் மனத்தில்தான் அந்த மாடி அறைக்காரி குடியிருந்தாள். ‘ஜேன் அயரை’ இளம் வயதிலேயே படித்தவள் ஜீன் ரீஸ். இங்கிலாந்துக்காரி ஒருத்தி தீவுப் பெண்ணைப் பற்றி எழுதினால், நாலு காலில் ஊர்ந்து உறுமுகிற மிருகமாகத்தான் எழுதுவாளா என்று அவளுக்குக் கோபம். பிராண்டேயின் புத்தகத்தில் பெர்த்தா கத்துகிறாள், சிரிக்கிறாள், கடிக்கிறாள். கதையே இல்லாத வெறும் பொம்மையாக இருக்கிறாள். அவளை மேடையின் நடுவே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று கடிதங்களில் மீண்டும் மீண்டும் எழுதினாள்.

1957-ல் ஆந்த்ரே டாய்ச் பிரசுராலயம் 25 பவுன் முன்பணம் கொடுத்து நாவலுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆறு முதல் ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும் என்றாள் ஆசிரியை. முடிந்தது ஒன்பது வருஷத்தில்! 1960-ல் டெவன்ஷயர் பக்கம் ஒரு குக்கிராமத்துக்குக் குடி போனார்கள். ஈரமும் குளிரும் ஊறிய சின்ன வீடு. கணவர் நோயாளி. குளிப்பாட்டுவதும், ஊட்டுவதும், கிடைத்த இரவுகளில் எழுதுவதும், எழுதியதைக் கிழிப்பதும். ஊரில் சிலர் அவளைச் சூனியக்காரி என்றுகூடச் சொன்னார்கள். அவ்வூர்ப் பாதிரியார் மட்டும் கையெழுத்துப் பிரதியைப் படித்து, தைரியம் சொன்னார். 1964-ல் புத்தகத்தை முடிக்க லண்டன் வந்த இடத்தில் மாரடைப்பு. ‘இன்னும் நாலைந்து வரி சேர்க்க வேண்டும், அதற்குள் அச்சுப் போட்டுவிடாதே’ என்று பதிப்பாசிரியை டயானா ஆத்திலிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். அந்த நாலைந்து வரிக்காக மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று.

1966 மார்ச்சில் கணவர் காலமானார். அந்தச் சமயம் ஜீன் ரீஸ் ஆத்திலுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சொப்பனத்தைச் சொல்கிறாள். தனக்குக் குழந்தை பிறக்கப் போவதாகப் பல தடவை கனவு கண்டு, விழித்ததும் ‘நல்ல வேளை’ என்று பெருமூச்சு விடுவாளாம். கடைசியாகக் கண்ட கனவில் குழந்தை தொட்டிலில் கிடக்கிறது, நோஞ்சான் குழந்தை. புத்தகம் முடிந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டாளாம். அந்த நோஞ்சான் குழந்தைதான் 1966 அக்டோபரில் வெளிவந்த ‘வைட் ஸர்காஸோ ஸீ’. ஸர்காஸோ என்பது அட்லாண்டிக்கின் நடுவே கடற்பாசி மண்டிக் கிடக்கும் கடற்பரப்பு. தீவுகள் இந்தப் பக்கம், இங்கிலாந்து அந்தப் பக்கம். மறு வருஷம் பரிசும் புகழும் வந்தன. எல்லாம் ரொம்பத் தாமதமாக வந்தன என்றாள் அந்த 76 வயது அம்மாள்.

கதைக்கு வருவோம். பிரிட்டிஷ் தீவுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்தது. அதற்காக 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கினார்கள். யாருக்கு என்கிறீர்கள்? தலைமுறை தலைமுறையாகக் கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு அல்ல. அவர்களை வைத்திருந்த எஜமானர்களுக்கு! நாவலின் தொடக்கத்தில் ஒரு தோட்டக்காரர் அந்தப் பணம் இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்து சலித்து, ஒருநாள் மாலை தம் நாயைச் சுட்டுவிட்டுக் கடலில் நீந்திப் போய்விடுகிறார். திரும்பி வரவில்லை.

அந்தக் காலத்துச் சிறுமி அந்துவானெத். அப்பா இல்லை. அம்மா ஆனெத் அழகி, ஏழை. இருந்த ஒரே குதிரையையும் யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். கறுப்பர்கள் ‘வெள்ளைக் கரப்பான்’ என்று ஏசுகிறார்கள். பணக்கார வெள்ளையர் வாசலுக்கு வருவதில்லை. அவளுக்கு இருப்பது ஒரே தோழி, டியா என்ற கறுப்புச் சிறுமி. ஒருநாள் குளத்தில் குளிக்கும்போது மூன்று காசுப் பந்தயத்தில் சண்டை வந்து, டியா அவளுடைய நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறாள். பிறகு அம்மா ஒரு பணக்கார வெள்ளைக்காரரை மறுமணம் செய்துகொள்கிறாள். ‘இங்கே நமக்கு ஆபத்து’ என்று அவள் எத்தனை சொல்லியும் அவர் சிரிக்கிறார். ஒரு ராத்திரி வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். நோயாளித் தம்பி போகிறான். அந்த மனிதர் சிறகை வெட்டி வைத்திருந்த கிளி, பறக்க முடியாமல் பற்றி எரிந்து விழுகிறது. அந்துவானெத் டியாவைப் பார்த்து ஓடுகிறாள். டியாவின் கையில் கல். நெற்றியில் ரத்தம் வழிய இவள் நிற்கிறாள், எறிந்துவிட்டு அழுதபடி அவள் நிற்கிறாள். அம்மாவுக்குச் சித்தம் கலங்குகிறது.

பெண் வளர்கிறாள். மாற்றாந்தகப்பனின் பிள்ளை மாப்பிள்ளை பார்க்கிறான். இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டாம் மகன். தகப்பனார் சொத்து மூத்தவனுக்கு. பெண்ணோடு 30,000 பவுன். பெண்ணின் பேரில் ஒரு காசும் எழுதி வைக்கவில்லை. அந்துவானெத்தின் அத்தை கோரா, ‘இது என்ன அநியாயம், அவள் பங்கைச் சட்டப்படி காப்பாற்றி வை’ என்று அவனிடம் வாதாடுகிறாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் கிழவி தன் மோதிரங்களைப் பட்டுப் பையில் முடிந்து பெண்ணின் கையில் திணிக்கிறாள். கணவனிடம் காட்டாதே என்கிறாள். என்னை உலுக்கிய இடங்களில் இது ஒன்று. இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற முழு உரிமை 1882-ல்தான் சட்டமாயிற்று. அதற்கு முன் சொத்துள்ள குடும்பங்கள் கல்யாணத்துக்கு முன்பே பத்திரம் எழுதிக் கொள்ளும். இந்தப் பெண்ணுக்கு அதை எழுத ஆளில்லை. பின்னால் ‘அவனை விட்டுப் போய்விடு’ என்று யோசனை சொல்லும்போது அவளால் சொல்ல முடிவது ஒன்றுதான்: என் பணம் எல்லாம் இப்போது அவருடையது, அதுதான் சட்டம்.

அந்தக் கணவன், அதாவது நம் ரோச்செஸ்டர், இந்தப் புத்தகத்தில் எங்குமே பெயர் சொல்லப்படாதவன். ஆனால் அவன் பெண்டாட்டியின் பெயரை மாற்றுகிறான்! ஒரு மொட்டைக் கடிதம் போல வந்த கடிதத்தில், ‘உன் மனைவி குடும்பத்தில் பைத்தியம் உண்டு’ என்று ஒருவன் எழுதுகிறான். அதற்குப் பிறகு அவளை ‘பெர்த்தா’ என்று கூப்பிட ஆரம்பிக்கிறான். கேட்டால், பிடித்த பெயராம். பெயரை மாற்றுவதும் ஒரு சூனிய வேலைதான் என்று படுகிறது அவளுக்கு. அவளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் மாடியில் அடைக்கிறான். அங்கே முகம் பார்க்க ஒரு கண்ணாடிகூட இல்லை. கையில் மெழுகுவத்தியோடு அவள் நடக்கத் தொடங்கும் இடத்தில் நாவல் முடிகிறது. தீயை நாம் பார்ப்பதில்லை. முன்பே வேறு புத்தகத்தில் பார்த்துவிட்டோம்.

இதைப் பெண்ணுரிமை பேசியவர்கள் ஆவலோடு எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. 1979-ல் சாண்ட்ரா கில்பர்ட், சூசன் குபார் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியைகள், மாடியில் அடைபட்ட அந்தப் பைத்தியக்காரியின் பெயரையே தலைப்பாக வைத்துப் பெரிய நூல் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது முக்கியமாகப் பிராண்டே முதலியவர்களை. பெர்த்தா வேறு யாருமல்ல, அடங்கி ஒடுங்கியிருக்கும் ஜேனின் மனத்துக்குள் கனலும் கோபம்தான் என்றார்கள். கல்யாணத்துக்கு முன் முகத்திரையைக் கிழித்தது யார்? பெர்த்தா. கிழிக்க உள்ளூர விரும்பியது யார்? ஜேன்! அழகான விளக்கம். நானும் மயங்கித்தான் போனேன். ஆனால் பெர்த்தா ஜேனின் கோபம் என்றால், அந்துவானெத் எங்கே போனாள்? தீவும் கரும்பும் 30,000 பவுனும் எங்கே போயின? மறுபடியும் அவளை மற்றொருத்தியின் கதைக்கு வேலைக்காரியாக வைத்துவிட்டோம்.

இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர் கல்கத்தாவில் பிறந்த காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக். 1985-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றும் கல்லூரிகளில் விவாதிக்கப்படுகிறது. ஆங்கிலேய ஸ்திரீ ஒருத்தி சுதந்தரமான தனி மனுஷியாகத் தலை நிமிர, தீவுப் பெண் ஒருத்தி தீயில் விழ வேண்டியிருக்கிறது. சாம்ராஜ்யம் இல்லாமல் அந்தக் கதையே இல்லை என்பது அவர் கட்சி. இன்னொன்றையும் ஞாபகப்படுத்தினார். ‘ஜேன் அயரின்’ கடைசிப் பக்கம் ஜேனைப் பற்றியது அல்ல. இந்தியாவுக்கு வந்த ஜான் ரிவர்ஸ் பாதிரியாரைப் பற்றியது! நான் உடனே புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். வாஸ்தவம்தான். அந்த மனிதர் ஜேனையும் மனைவியாக இங்கே அழைத்து வர எண்ணி, ஜெர்மன் பாஷையை நிறுத்திவிட்டு ஹிந்துஸ்தானி படிக்கச் சொல்கிறார். அவளும் படிக்கிறாள். நாம் இருட்டிலிருக்கிறோம், அவர் வெளிச்சம் கொண்டுவருகிறார் என்பதில் நூலுக்குச் சந்தேகமே இல்லை. ஜேனுக்குக் கிடைக்கும் 20,000 பவுன் பரம்பரைச் சொத்துகூட மடேராத் தீவில் வியாபாரம் செய்த சித்தப்பாவுடையது. ஆறு பக்கம் எழுதிய எனக்கு இதில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே!

அப்படியானால் ஜீன் ரீஸ் மட்டும் கணக்குத் தீர்த்துவிட்டாளா? இல்லை என்றவர்கள் அவளுடைய சொந்தத் தீவுகளிலேயே இருந்தார்கள். பார்படோஸ் தீவின் கவிஞரும் சரித்திர ஆசிரியருமான காமு பிராத்வெய்ட் 1974-ல் பட்டென்று சொன்னார்: டியா ஒருநாளும் அந்துவானெத்தின் தோழியாக இருந்திருக்க முடியாது; நடுவே அடிமைச் சரித்திரம் நிற்கிறது. வெள்ளைக் கிரியோல் ஒருத்தியை மேற்கிந்தியத் தீவுகளின் குரலாக ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை. கேட்க வருத்தமாயிருக்கிறது. ஆனால் ஜீன் ரீஸின் தாயார் வழிக் கொள்ளுத் தாத்தாவே அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த தோட்டக்காரர் என்பதையும் மறக்கலாகாது. ஆனெத்தின் வறுமையை அவள் மனமுருகி எழுதுகிறாள். டியாவின் அம்மா ராத்திரி என்ன சமைத்தாள் என்று நமக்குத் தெரியாது.

பிராத்வெய்ட் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். கல்லை எறிந்தவளும் அழுகிறாள் என்று எழுதியது ஆசைக் கனவாகவே இருக்கலாம். ஆனால் கல்லை எறிய வைத்தவளும் அதே ஆசிரியைதான்.

இந்த நாவலில் இன்னொரு பெண் இருக்கிறாள்: கிறிஸ்டோபீன். மார்ட்டினிக் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டவள். ‘ஓபியா’ என்னும் மந்திர மருந்து வித்தை தெரிந்தவள் என்று ஊரே அஞ்சும். எழுதப் படிக்கத் தெரியாது. அந்துவானெத்தை வளர்த்தவள் அவள்தான். அந்த வீட்டுக்கு எப்படி வந்தாள் தெரியுமா? ஆனெத்துக்கு முதல் கணவன் கொடுத்த கல்யாணப் பரிசு! வெள்ளிப் பாத்திரம் கொடுப்பதுபோல ஒரு பெண்ணைக் கொடுத்தான். மகளின் கல்யாணத்தில் பெண்ணோடு பணம் போயிற்று. தாயின் கல்யாணத்தில் பணத்துக்குப் பதில் பெண்ணே போனாள்.

அந்தக் கிறிஸ்டோபீன் இப்போது சுதந்தரமானவள். மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். கணவன் என்று ஒருவனையும் வைத்துக்கொள்ளவில்லை. தன் காசைத் தானே வைத்திருக்கிறாள். அவள்தான் கணவனுக்கு நேரே நின்று, நீ வந்தது பணத்துக்காக, பணம் கைக்கு வந்ததும் பைத்தியம் என்று சொல்லப் பார்க்கிறாய் என்று முகத்துக்கு முகம் கேட்கிறாள். பாதிப் பணத்தையாவது திருப்பிக் கொடு, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பேரம்கூடப் பேசுகிறாள். வக்கீல் வைத்தாலும் இதைவிட நன்றாகப் பேச முடியாது. அவன் பதில், போலீஸ். ஓபியா சட்டவிரோதம், மாஜிஸ்ட்ரேட்டுக்கு எழுதினால் சிறை.

இவளையும் ஆசிரியை கதையின் ஓரத்திலேயே வைத்துவிட்டாள் என்பது ஸ்பிவாக்கின் குறை. இல்லை, அவள் பேசியது போதாதா, கேட்கத்தான் நமக்குக் காது வேண்டும் என்று 1987-ல் பெனிட்டா பாரி என்ற விமரிசகி பதில் கொடுத்தார். இரண்டு கட்டுரைகளையும் படித்துவிட்டு நாவலின் அந்தப் பக்கத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் படித்தேன்.

கிறிஸ்டோபீன் அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறாள். அந்துவானெத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைக்கலாமே என்கிறான் அவன். எழுதத் தெரியாது என்கிறாள். திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறாள். அதற்கு மேல் அவள் எங்கே போனாள், அந்தத் தீவில் மிச்சக் காலத்தை எப்படிக் கழித்தாள் என்பது புத்தகத்தில் இல்லை.